பூட்டை இழுத்துப் பார்த்தாயா?

போன மாதம் ஒரு பதிலில், காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபாவைப் பற்றி, 'ஸ்கூபாவில் முதல் தடவை இறங்குகிறவரைவிட நூறு தடவை இறங்கியவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் ஆமாம் என்கிறார்கள், பாதிப் பேர் சண்டைக்கு வருகிறார்கள். இந்த மாதம் அவற்றுக்கே இடம். ஆத்தங்குடிக் கல்லுக்கு என்ன எண்ணெய் போட்டுத் துடைப்பது என்று கேட்ட அன்பர் பொறுத்துக்கொள்ளவும். அது என் துறையும் இல்லை, என் வீட்டில் அதைச் செய்வதும் நான் இல்லை.

கேள்வி: என் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். வருஷத்துக்கு இரண்டு முறை அந்தமான் போய்க் கடலுக்குள் இறங்குகிறான். பொங்கலுக்கு வந்தபோது வீடியோ காட்டினான். படகில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து 'ஓகேயா? ஓகே!' என்று சொல்லிவிட்டுத் தொப்பென்று விழுகிறார்கள். 'எதையும் பார்க்கமாட்டீங்களாடா' என்று கேட்டால், 'எண்பது தடவை இறங்கியாச்சு ஆத்தா, கை தானா பண்ணும்' என்கிறான். நான் பயப்படலாமா?
— வாசகி, கோட்டையூர்

பதில்: ஆச்சி, அந்த 'ஓகேயா? ஓகே!'வுக்குத் தாராளமாகப் பயப்படலாம்.

மகன் சொல்வது பொய்யில்லை. எண்பது தடவைக்கு அப்புறம் கை தானாகத்தான் பண்ணும். நான் அந்தமானில் பத்தொன்பது வருஷம் பயிற்சியாளராக இருந்தவன். முதல் வருஷம் ஒவ்வொரு கொக்கியையும் தொட்டுப் பார்த்தேன். மூன்றாம் வருஷம் கண்ணால் பார்த்தேன். ஏழாம் வருஷம் 'எல்லாம் சரிதானே?' என்று வாயால் கேட்டேன். அப்புறம் கேட்பதும் நின்றுபோயிற்று. எந்தத் தேதியில் நின்றது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. 'இன்றிலிருந்து சோதிக்கமாட்டேன்' என்று யாரும் முடிவெடுப்பதில்லை. ஒருநாள் அவசரத்தில் விட்டோம், ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு நாள் விட்டோம், அன்றைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாத ஒவ்வொரு நாளும் 'பார்த்தாயா, தேவையில்லை' என்று காதில் ஓதிவிட்டுப் போகும்.

2011 பிப்ரவரி. கடல் அசையாமல் கிடந்த ஒரு காலை. நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். நால்வரின் சாமானையும் நானே சோதித்தேன். அவர்களில் ஒருத்தி மதுரைப் பக்கத்துப் பெண், நர்ஸ். அவளுக்கு அது நான்காவது டைவ். பாடத்தில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு, 'சார், உங்களுத நான் பார்க்கணுமே' என்றாள். நான் சிரித்துவிட்டு, 'எனக்கு வேண்டாம்மா' என்றேன்.

பதினெட்டு மீட்டரில் மூச்சு இறுகியது. இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும்போது நடுவில் வழுக்கை வந்து அடைத்துக்கொள்ளுமே, அப்படி. அழுத்தமானியைத் தூக்கிப் பார்த்தேன், 170 காட்டியது. பார்த்துக்கொண்டே மூச்சை இழுத்தேன். முள் சடாரென்று 60க்கு இறங்கியது. இழுப்பதை நிறுத்தினேன், மறுபடி 170க்கு ஏறியது. புரிந்துவிட்டது. சிலிண்டரில் காற்று நிறைய இருக்கிறது, வால்வுதான் கால் திருகு மட்டும் திறந்திருக்கிறது. படகில் உட்கார்ந்து மூச்சுவிட அந்தக் கால் திருகு போதும். பதினெட்டு மீட்டரில் சுற்றியுள்ள அழுத்தம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஒரு மூச்சுக்கு அத்தனை மடங்கு காற்று அந்த இடுக்கு வழியாக வர வேண்டும். வராது.

வால்வு இருப்பது பிடரிக்குப் பின்னால். கையை வளைத்து எட்டலாம் என்று பாடம் எடுத்தவன்தான் நான், ஆனால் என் வலது தோள் அப்போதே பழுது. அந்தப் பெண்ணிடம் நீந்திப் போய், காற்று இல்லை என்று கையால் கழுத்தை அறுத்துக் காட்டினேன். அவள் கண் விரிந்ததை முகமூடிக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஆனால் கை தயங்கவில்லை. எல்லாருடைய சாமானிலும் மஞ்சள் நிறத்தில் உபரியாக ஒரு குழாய் இருக்கும், எங்கள் பேச்சில் ஆக்டோபஸ். அதை உருவி என் வாய்க்கு நேரே நீட்டினாள். ஒருவர் பட்டையை ஒருவர் பிடித்தபடி மெதுவாக மேலே வந்தோம், மற்ற மூவரும் கூடவே.

நடந்தது இதுதான். வால்வை முழுக்கத் திறந்து, கால் திருகு பின்னால் வைப்பது அந்தக் காலத்துப் பழக்கம். நான் ஏற்கெனவே திறந்து வைத்திருந்ததை அறியாத படகுப் பையன், எனக்கு உதவி செய்வதாக நினைத்துத் திருகியிருக்கிறான். திசை மாறி முழுக்க மூடி, அதிலிருந்து கால் திருகு 'பின்னால்' வைத்துவிட்டான். பையன்மேல் தப்பே இல்லை. முதுகில் மாட்டுமுன் நான் ஒருமுறை திருகிப் பார்த்திருக்கலாம். மாட்டிய பிறகு அந்தப் பெண்ணை ஒருமுறை திருகிப் பார்க்க விட்டிருக்கலாம்.

எங்கள் வீட்டில் முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை பதினோரு பூட்டு. ராத்திரி அப்பச்சி பூட்டிவிட்டு வந்து உட்காருவார். அப்பத்தா சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டே, 'பூட்டை இழுத்துப் பார்த்தாயா?' என்று கேட்பார். இழுத்தேன் என்று சொன்னாலும் விடமாட்டார். டார்ச்சை எடுத்துக்கொண்டு தானே ஒரு சுற்றுப் போய் ஒவ்வொன்றையும் இழுப்பார். ஒருநாள் சாமான் அறைப் பூட்டு கையோடு வந்துவிட்டது. பூட்டு பூட்டித்தான் இருந்தது. நாதாங்கியில் மாட்டாமல் வெறும் வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது.

மகனிடம் பயமாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள், கேட்கமாட்டான். அடுத்த வீடியோவில் கூட்டாளியின் வால்வில் அவன் கை படுகிற காட்சி வேண்டும் என்று கேளுங்கள். வீடியோவுக்காகவாவது செய்வான்.

கேள்வி: ஆக்சிஜன் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு எவ்வளவு ஆழம் போகலாம்?
— வாசகர், கானாடுகாத்தான்

பதில்: செய்தித்தாள்கள் 'ஆக்சிஜன் சிலிண்டர்' என்று எழுதி எழுதி அதுவே நின்றுவிட்டது. அதில் இருப்பது நீங்களும் நானும் இப்போது இழுத்துக்கொண்டிருக்கிற அதே காற்று. வடிகட்டி, ஈரத்தை எடுத்து, அமுக்கி அடைத்தது. ஆக்சிஜன் 21 சதவீதம். தூய ஆக்சிஜனைக் கட்டிக்கொண்டு ஆறு மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பு வரக்கூடும். தண்ணீருக்குள் வலிப்பு வந்தவரின் வாயில் குழாய் நிற்காது. சாதாரணக் காற்றோடு, பொழுதுபோக்கு டைவுக்கு 40 மீட்டர் எல்லை. முதல் நிலைச் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு 18 மீட்டர்.

கேள்வி: 'சோதனை, சோதனை' என்கிறீர்கள். அப்படி என்னதான் சோதிப்பீர்கள்? ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியன் நான். கதையாகச் சொல்லாமல் கணக்காகச் சொல்லவும்.
— வாசகர், தேவகோட்டை

பதில்: கணக்கு கடைசியில் வருகிறது ஐயா. முதலில் சாமான். என் பழைய சாமானைப் போன வாரம்தான் வளவில் பாயை விரித்துப் பரப்பினேன், தங்கை பேரனுக்குக் காட்டுவதற்காக. அதே வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

சிலிண்டர் வாயில் சுண்டுவிரல் மோதிரம் அளவுக்கு ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ஓ ரிங் என்று பெயர். அது வெடித்திருந்தாலோ, மணல் ஒட்டியிருந்தாலோ, காற்று சீறிக்கொண்டு வெளியே போகும். அடுப்பங்கரையில் இருக்கிற கேஸ் சிலிண்டரும் இதே கதைதான். கொண்டுவருகிற தம்பி மூடியைக் கழற்றி, உள்ளே வாஷர் இருக்கிறதா என்று பார்த்து, சொட்டுத் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று கவனிக்க வேண்டும். எத்தனை வீட்டில் செய்கிறார்? எத்தனை வீட்டில் நாம் செய்யச் சொல்கிறோம்? 'வச்சிட்டுப் போப்பா, நேரமாச்சு' என்பதுதான் வழக்கம். அதன்மேல் மாட்டுகிற சாதனத்துக்குப் பெயர்கூட இரண்டு இடத்திலும் ரெகுலேட்டர்தான், வேலையும் ஏறக்குறைய ஒன்றுதான். மிகுந்த அழுத்தத்தில் வருவதை நமக்குத் தேவையான அளவுக்குக் குறைத்துக் கொடுப்பது.

அடுத்து, காற்று நிரப்பி மிதக்க உதவும் சட்டை. பிசிடி என்போம். ஊதும் பொத்தானை அமுக்கினால் உப்ப வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். உப்பு படிந்த பொத்தான் சில சமயம் அமுங்கியபடியே ஒட்டிக்கொள்ளும். கடலுக்குள் அப்படி ஆனால் சட்டை தானாக உப்பிக்கொண்டே போய் ஆளைத் தக்கை மாதிரி மேலே தூக்கும். வேகமாக மேலே வருவதுதான் இந்த விளையாட்டில் பெரிய ஆபத்து. காற்றை வெளியேற்றும் பொத்தானையும் அமுக்கிப் பார்க்க வேண்டும்.

இடுப்பில் ஈய எடை. ஆபத்தில் ஒரே கையால் இழுத்தால் கழன்று விழ வேண்டும். பெல்ட்டை முதலில் கட்டி, அதன்மேல் சட்டைப் பட்டை விழுந்துவிட்டால், கொக்கியை அவிழ்த்தாலும் ஈயம் போகாது. இறந்து மேலே எடுக்கப்பட்டவரின் இடுப்பில் ஈயம் அப்படியே இருந்தது என்பது விபத்து அறிக்கைகளில் அலுக்க அலுக்க வருகிற வரி. அப்புறம் தோள், மார்பு, வயிறு என்று ஒவ்வொரு கொக்கியையும் விரலால் தொட்டு, இழுத்துப் பார்ப்பது.

கடைசியில் காற்று. கூட்டாளி வால்வைத் திருகி, முழுக்கத் திறந்திருக்கிறதா என்று பார்க்க, நாம் அழுத்தமானியைக் கண் முன்னே பிடித்துக்கொண்டு நான்கு மூச்சு நன்றாக இழுக்க வேண்டும். முள் ஆடக் கூடாது. எண்ணெய் வாசனை வரக் கூடாது. மஞ்சள் குழாயிலும் இரண்டு மூச்சு. அது நமக்கில்லையே, கூட்டாளிக்குத்தானே என்று அதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். எல்லாம் முடிந்து தலை முதல் கால்வரை ஒரு பார்வை. மொத்தமே இரண்டு நிமிடம்.

இப்போது உங்கள் கணக்கு. வழக்கமான அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) நிரப்பினால் உள்ளே 2,200 லிட்டர் காற்று. நிதானமாக நீந்துகிறவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஆக 20 மீட்டரில் மேலே உள்ளதைப் போல் மூன்று மடங்கு, நிமிடத்துக்கு 60 லிட்டர். 50 பாரைத் தொடாமல் கையிருப்பாக வைத்தால் செலவழிக்கக் கிடைப்பது 1,650 லிட்டர். வகுத்தால் இருபத்தேழரை நிமிடம். நீரோட்டத்தை எதிர்த்து மூச்சு வாங்க நீந்தினால் அது பாதியாகும். இந்தக் கணக்கைப் போடாமல், 'போன தடவை நாற்பது நிமிஷம் இருந்தோமே' என்ற ஞாபகத்தோடு இறங்குகிறவர் போன தடவை பத்து மீட்டரில் இருந்ததை மறந்திருப்பார்.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள், 1992 முதல் 2003 வரை நடந்த 947 ஸ்கூபா மரணங்களை அலசி 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விபத்தைத் தொடங்கிவைத்தது எது என்று கண்டறிய முடிந்தவற்றில் 41 சதவீதம் காற்றுப் பற்றாக்குறை. சுறா கடித்தது, கப்பலில் மோதியது எல்லாம் எங்கோ அடியில்தான் வரும். முள்ளைப் பார்க்காததுதான் முதலிடம்.

கேள்வி: ஆயிரம் இலைக்குச் சமைக்கிற நம் ஊர்ச் சமையல்காரர் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தா சமைக்கிறார்? அனுபவசாலியைப் பட்டியல் வைத்துக்கொண்டு டிக் அடிக்கச் சொல்வது அவரை அவமதிப்பது. உங்கள் போன மாத வரியோடு எனக்கு உடன்பாடில்லை.
— வாசகர், புதுவயல்

பதில்: போன மாத வரி கொஞ்சம் அவசரத்தில் எழுதியதுதான், ஒப்புக்கொள்கிறேன். புதியவருக்கும் ஆபத்து உண்டு. ஆனால் புதியவர் கையை ஒருவர் பிடித்திருப்பார். பழையவர் கையை யாரும் பிடிப்பதில்லை.

சமையல்காரர் உதாரணத்தை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் அவர் முதலில் தருவது என்ன? சாமான் பட்டியல். முழ நீளத்துக்கு இருக்கும். சாமான் வந்து இறங்கியதும் கோட்டை அடுப்புக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, கல்பாசி, அன்னாசிப்பூ வரை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொல்லிக் கோடு போடுகிறவரும் அவர்தான். சமைக்கத் தெரியாததாலா? பந்தியில் இலை போட்ட பிறகு மிளகு இல்லை என்று கடைக்கு ஓட முடியாது என்பதால்.

விமானிகளுக்கும் பட்டியல் அப்படித்தான் வந்தது. 1935 அக்டோபர் 30, அமெரிக்காவில் டேட்டன் நகரத்துக்குப் பக்கத்து ரைட் ஃபீல்டில் போயிங் நிறுவனத்தின் புது விமானம், மாடல் 299, ராணுவ அதிகாரிகள் முன்னால் கிளம்பியது. நன்றாக மேலே ஏறி, திடீரென்று தலைகுப்புற விழுந்து எரிந்தது. இயந்திரக் கோளாறு ஒன்றும் இல்லை. தரையில் நிற்கும்போது காற்றுக்கு வால் சிறகு ஆடாமல் இருக்கப் பூட்டிவைப்பார்கள். அந்தப் பூட்டை எடுக்காமலே கிளம்பிவிட்டார்கள். ஓட்டியவர் கைதேர்ந்த சோதனை விமானி. அதற்கப்புறம் விமானிகள் உட்கார்ந்து எழுதியதுதான் கிளம்புமுன் பார்க்கும் பட்டியல். அதே விமானம் பி-17 என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் பறந்தது.

ஓ ரிங் என்று மேலே சொன்னேனே, அதன் பெரிய அண்ணன்தான் 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலத்தைக் கிளம்பிய 73 வினாடியில் சிதறடித்தது. ஏழு பேர் போனார்கள். அந்த ரப்பர் வளையம் அரிபடுவது முன்பே பல பயணங்களில் தெரிந்திருந்தது. ஆனால் அந்தப் பயணங்கள் எல்லாம் பத்திரமாகத் திரும்பிவிட்டன. திரும்பியதால், அரிபடுவதும் சகஜம் என்று ஆகிவிட்டது. டயான் வாகன் என்ற சமூகவியலாளர் இதை ஆராய்ந்து ஒரு பெயரே வைத்தார். தமிழில் 'பிறழ்வு பழகிப்போவது' என்று சொல்லலாம். என் ஏழாம் வருஷத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

பட்டியலால் பலன் உண்டா என்று ஸ்கூபாவிலேயே பார்த்திருக்கிறார்கள். 1,043 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் அச்சடித்த பட்டியலைக் கொடுத்தார்கள். 2016இல் வெளியான முடிவின்படி அந்தப் பிரிவில் பெரிய அசம்பாவிதங்கள் 36 சதவீதம் குறைவு. ஓர் அட்டைக்கு இது அதிகம்தான்.

அவமதிப்பு என்ற சொல் மட்டும் எனக்கு ஒட்டவில்லை. எங்கள் ஐயா பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக இருந்தவர். மேலாளுக்கு அடுத்தவர் அடுத்தாள், அவருக்குக் கீழே பெட்டியடிப் பையன். ராத்திரி கடையைக் கட்டும்போது மேலாள் எண்ணிய பணத்தை அடுத்தாள் மறுபடி எண்ணுவார். முதலாளியின் சொந்தத் தம்பியே மேலாளாக இருந்தாலும் எண்ணுவார். 'என்னை நம்பலையா' என்று யாரும் கேட்டதில்லையாம். கேட்டிருந்தால் அன்றைக்குத்தான் சந்தேகம் வந்திருக்கும் என்பார் ஐயா. ஸ்கூபாவில் நம்மோடு இறங்குகிற கூட்டாளியை ஆங்கிலத்தில் 'buddy' என்கிறார்கள். எனக்கு அவர் அடுத்தாள்தான்.

கேள்வி: எங்கள் ஊரில் கிணற்றுக்குள் விழுந்த மோட்டாரை எடுக்க, பஞ்சர் கடைக் கம்ப்ரசரிலிருந்து குழாயைப் போட்டு வாயில் வைத்துக்கொண்டு இறங்குகிறார்கள். இதுவும் ஸ்கூபா மாதிரித்தானே? நானும் இரண்டு முறை இறங்கியிருக்கிறேன்.
— வாசகர், பள்ளத்தூர் அருகே

பதில்: தம்பி, மூன்றாவது முறை இறங்காதீர்கள்.

டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் மனிதன் மூச்சுவிடச் செய்ததில்லை. உள்ளே போட்ட எண்ணெயின் ஆவி காற்றோடு சேர்ந்து நுரையீரலுக்குப் போகும், தடுக்க வடிகட்டி கிடையாது. டீசல் என்ஜினில் ஓடுவதாக இருந்தால், புகை வரும் பக்கமே காற்றை இழுக்கும் பக்கமாகவும் இருந்துவிட்டால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. கரன்ட்டில் ஓடுவதாக இருந்தால், கரன்ட் போன நிமிடம் உங்கள் காற்றும் போகும். உங்கள் ஊரில் கரன்ட் எப்போது போகும் என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதை இறங்குகிற பையன்களுக்கு யாரும் சொல்வதே இல்லை. தண்ணீருக்கு அடியில் அழுத்தக் காற்றை இழுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வரக் கூடாது. பத்து மீட்டரில் நிறைத்த நுரையீரல் மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். ஒன்றரை மீட்டர் எழுந்தாலே கிழியக்கூடும். குழாயில் காற்று நின்றதும் பயத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு மேலே பாய்வதுதான் மனித இயல்பு. கிணற்றில் எந்த நீச்சல்காரனும் அதைத்தான் செய்வான். ஸ்கூபா வகுப்பில் முதல் நாள் முதல் மணி நேரத்தில் சொல்லித் தருவது, மூச்சைப் பிடிக்காதே என்பதுதான்.

தண்ணீர் வற்றிய பழங்கிணறு வேறு வகை. அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் விட்டுப் பார்ப்பார்கள். நல்ல வழக்கம், ஆனால் பாதி வழக்கம். விளக்கு அணைந்தால் ஆக்சிஜன் குறைவு என்று தெரியும். அணையாவிட்டால் விஷவாயு இல்லை என்று அர்த்தமில்லை. முதலில் இறங்கியவன் மயங்கி விழ, அவனைத் தூக்க இறங்கிய இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் என்று ஒரே வீட்டில் வரிசையாகப் போன செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

முத்துக் குளிக்கிறவர்கள் மேலே கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள் என்று ஒரு சொல் நம் பக்கம் உண்டு. அக்காள் தாலிக்கு அவன்தான் பொறுப்பு, கவனம் பிசகமாட்டான் என்பது கணக்கு. உங்கள் ஊர்க் கிணற்று மேட்டில் கயிறு பிடிப்பவர் செல்போனில் பேசிக்கொண்டே பிடிக்கிறாரா, இல்லையா? அதை எழுதவில்லையே நீங்கள். மோட்டாரைக் கிரேன் வைத்துத் தூக்குங்கள். ஆள் இறங்கியே ஆக வேண்டும் என்றால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: கல்யாணமாகி அந்தமான் போகிறோம். கடைசி நாள் காலை ஸ்கூபா, மாலை விமானம் என்று டிராவல்ஸ்காரர் போட்டுக் கொடுத்திருக்கிறார். சரிதானே?
— வாசகர், குன்றக்குடி

பதில்: வாழ்த்துகள். பட்டியலைத் தலைகீழாக்கச் சொல்லுங்கள். ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் விமானத்தில் ஏறி அழுத்தம் குறைந்தால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உடம்புக்குள் குமிழி கட்டும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்கலாம். முதல் இரண்டு நாள் கடலை முடித்துவிட்டு, கடைசி நாளை போர்ட் பிளேரில், இப்போதைய ஸ்ரீ விஜயபுரத்தில், செல்லுலார் சிறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிராவல்ஸ்காரருக்கு இது தெரியாதா என்று கேட்காதீர்கள். அவர் போட்டது போன வருஷம் போட்ட அதே பட்டியலாக இருக்கும், போன வருஷம் ஒன்றும் ஆகியிருக்காது.

படம் எடுக்கும்போது தண்ணீருக்கு அடியில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டாதீர்கள். அங்கே அதற்கு 'மேலே போகலாம்' என்று பொருள். கொடுத்த காசு பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

கேள்வி: படகில் போனதும் வழிகாட்டி, 'நேரமாச்சு, எல்லாம் நான் பாத்துட்டேன், குதிங்க' என்றால் என்ன செய்வது? எல்லார் முன்னாலும் 'நான் பார்க்கணும்' என்று சொல்லச் சங்கடமாக இருக்காதா?
— கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: இருக்கும். நான் அந்த வழிகாட்டியாக இருந்தவன், அதனால் அவர் பக்கத்தையும் சொல்கிறேன். மதியத்துக்குள் மூன்று குழு முடிக்க வேண்டும், காற்று மாறுவதற்குள் கரைக்குத் திரும்ப வேண்டும், எட்டுப் பேரில் இரண்டு பேர் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஒருவர் 'ஒரு நிமிஷம்' என்றால் எரிச்சல் வரும், மறைக்கவில்லை. ஆனால் அப்படிச் சொன்ன யாரையும் நான் படகிலிருந்து இறக்கிவிட்டதில்லை. 'அண்ணே, ஒரு நிமிஷம், என் வால்வைத் தொட்டுப் பாருங்க, உங்களுத நான் பாக்குறேன்' என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்வார்கள். செய்யாதவரோடு இறங்காதீர்கள். படகிலேயே உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள். கட்டிய பணம் திரும்பி வராது, அதற்கு நான் பொறுப்பேற்க முடியாது.

அந்த நர்ஸ் பெண்ணைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, மறுநாளே அவளுக்கு இன்னொரு டைவ் இருந்தது. வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். இந்த முறை எதுவும் கேட்கவில்லை. நான் சாமானை மாட்டிக்கொண்டு திரும்புவதற்குள் பின்னால் வந்து நின்று, வால்வைப் பிடித்து ஒருமுறை திருகிப் பார்த்தாள். முன்னால் வந்து என் அழுத்தமானியைக் கையில் எடுத்து, 'ம், மூச்சு இழுங்க சார்' என்றாள்.

இழுத்தேன். நான்கு முறை. முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை அவள்.